மாமனைக் கட்டிக்கிட்டா இப்படித்தான் பொறக்குமா?

என் பாட்டி எனக்கு அத்தையும் ஆக வேண்டும். அம்மாவைப் பெற்றவர், அப்பாவுக்கு உடன்பிறந்த அக்கா. சோரியாங்குப்பத்தில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. குடும்ப மரம் வரையலாம்னு போன வருஷம் ஒரு சின்ன நிரல் எழுதினேன். மரம் வரவில்லை. பிரிந்து போன கிளைகள் திரும்பி வந்து அதே தண்டில் ஒட்டிக்கொண்டன.

வரைய உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இப்போ அக்கா மகளுக்கும், அம்மாவின் தம்பியுடைய மகள் வயிற்றுப் பேரனுக்கும் கல்யாணப் பேச்சு எழுந்தது. அம்மா ஒரே பிடியா "வேணாம்" என்றார். அண்ணன் குழந்தையா இருந்தப்போ ஒரு டாக்டர் சொன்ன வாக்கியம்: "மாமனைக் கட்டிக்கிட்டா இப்படித்தான் பொறக்கும்." நாற்பது வருஷத்துக்கும் மேலாக அம்மா அதைச் சுமந்துகொண்டிருக்கிறார். அந்த வாக்கியம் எவ்வளவு சரி என்று தேடிப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்பு.

முதலில் சட்டம். எங்க ஊருக்குத் தெற்கே தென்பெண்ணை; தாண்டினால் கடலூர். ஒரு காலத்தில் அக்கரை பிரிட்டிஷ், இக்கரை பிரெஞ்சு. பிரெஞ்சு குடிமைச் சட்டம் மாமன்-மருமகள் திருமணத்தைத் தடுத்தது. ஆனால் இங்குள்ள இந்துக்கள் தங்கள் வழக்கப்படியே நடக்க விடப்பட்டார்கள். 1881 ஆணைப்படி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சட்டத்துக்குள் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். 1955 இந்து திருமணச் சட்டமும் இந்த உறவைத் தடைப் பட்டியலில் வைத்துவிட்டு, 'வழக்கம் இருந்தால் சரி' என்று கதவைத் திறந்தே வைத்தது. ஆக, ஆற்றுக்கு இரண்டு கரையிலும் மாமனைக் கட்டுவது நிற்கவில்லை.

மருத்துவர்கள் எண்ணத் தொடங்கியது பிறகு. வேலூர் சி.எம்.சி.யின் பி.எஸ்.எஸ். ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் வடஆற்காட்டில் நடத்திய ஆய்வுகள் 1977-லிருந்து வெளிவந்தன. அடுத்த வருஷமே புதுச்சேரி பற்றி ஆர்.கே. பூரி, ஐ.சி. வர்மா முதலானோரின் ஆய்வு வந்தது. அவர்கள் கணக்கெடுத்த திருமணங்களில் பாதிக்கும் மேல் உறவுக்குள். வேலூர்க்காரர்களின் முடிவுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. உறவில் கட்டியவர்களிடம் கருச்சிதைவும் குழந்தை இறப்பும் எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை. தலைமுறை தலைமுறையாக உறவில் கட்டியதால் கெட்ட மரபணுக்கள் சலித்துப் போயிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். இதைப் படித்துவிட்டு "பயமே இல்லை" என்று கிளம்பக் கூடாது. சராசரி வேறு, ஒரு வீட்டில் ஓடும் ஒரு மரபணு வேறு.

எங்கள் வீட்டில் ஓடுவது எது? அண்ணனின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் ஜி.ஜே.பி.2 மரபணுவில் டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம், இரண்டு பிரதியிலும். காது கேளாமைக்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 1997-ல்தான் தெரிய வந்தது. 226 அமினோ அமிலம் நீளமுள்ள புரதம் 24-ஆவது இடத்திலேயே நின்றுவிடுகிறது. இருபத்துநாலாவது வரியில் யாரோ 'ரிட்டர்ன்' போட்ட மாதிரி. ஒரு பிரதி சரியாக இருந்தால் காது கேட்கும். அம்மாவும் அப்பாவும் அப்படித்தான்.

இந்தியாவில் இந்த மரபணுவில் அதிகம் காணப்படுவதே இந்த மாற்றம்தான். அதனால் உறவே இல்லாத இருவரும் இதைச் சுமக்கலாம். ஒரே சாதிக்குள் கட்டினால் வாய்ப்பு இன்னும் கூடும். 2017-ல் ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் மற்றவர்களும் தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 குழுக்கள் ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை. 'சொந்தம் இல்லை, அந்நியம்தான்' என்று நாம் நினைக்கும் சம்பந்தம் பல நேரம் அந்நியமே இல்லை.

இனி கணக்கு. அம்மா நிச்சயமாகக் கடத்தி. அக்காவுக்குக் காது கேட்கிறது, ஆகவே அவள் கடத்தியாக இருக்க 3-ல் 2. அவள் மகளுக்கு 3-ல் 1. மாமாவுக்கு 2-ல் 1, அவர் மகளுக்கு 4-ல் 1, பேரனுக்கு 8-ல் 1. இருவருமே கடத்தி என்றால் குழந்தைக்கு 4-ல் 1. பெருக்கினால் 96-ல் 1. பொதுவாக ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்குப் பிறவிக் கேளாமை இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இது கூடுதல்தான். ஆனால் 'இப்படித்தான் பொறக்கும்' எங்கே, 96-ல் 1 எங்கே!

ஆலோசகர் அம்மாவிடம் இதையே பொறுமையாகச் சொன்னார். உறவு வாய்ப்பைக் கூட்டியது உண்மை, மாற்றம் வந்தது யார் தப்பும் இல்லை, முடிவு உங்களுடையது. 'மரபணு ஆலோசனை' என்ற சொல்லை 1947-ல் அமெரிக்காவில் ஷெல்டன் ரீட் கொண்டுவந்ததே, அதுவரை இருந்த 'இனத்தைச் சுத்தப்படுத்தும்' பேச்சிலிருந்து விலகத்தான். அந்தப் பேச்சின் கதை கசப்பானது. தொலைபேசிப் புகழ் கிரகாம் பெல், தன் தாயும் மனைவியும் காது கேளாதவர்களாக இருந்தும், 1883-ல் காது கேளாதவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொள்வதை எதிர்த்து உரை நிகழ்த்தினார். ஜெர்மனியின் 1933 கருத்தடைச் சட்டம் பரம்பரைக் கேளாமையைப் பட்டியலிலேயே வைத்தது.

இதை அண்ணனிடம் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணிக்கும் காது கேட்காது; அவருக்கு வேறு மரபணு, அதனால் அவர்கள் பிள்ளைகள் இருவருக்கும் காது நன்றாகவே கேட்கிறது. அண்ணன் முழுசாகப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "என்னை மாதிரி ஒண்ணு பொறந்தா என்ன?" என்னிடம் பதில் இல்லை. ஆலோசகரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சோதனைக்கு ரத்தம் கொடுத்தவரே அவர்தான்.

பிறகு இளையவர்கள் இருவருக்கும் சோதித்தோம். பெண் கடத்தி, பையன் இல்லை. அம்மா அந்தத் தாளை மடித்து, அண்ணனின் பழைய பள்ளிச் சான்றிதழ்களோடு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். கல்யாணப் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. காரணம் மரபணு இல்லை. பெண் முதலில் எம்.எஸ்ஸி. முடிக்கணுமாம்.