வாசகரின் மறுப்புரிமை: உலாவியில் நிரலை நிறுத்தும் வழியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஏட்டுச்சுவடியாயினும் அச்சுநூலாயினும் வாசகரின் கையில் முடிந்த பொருளாகவே வந்துசேர்ந்தது. அதனைப் படிக்கலாம், மூடிவைக்கலாம். வாசகரின் விளக்கில் உள்ள எண்ணெயை வெளியீட்டாளரின் தேவைக்காக எரிக்கும்படி அது கேட்டதில்லை. இணையப்பக்கத்தின் நிலை வேறு. எழுத்தோடு கூடவே ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் அமைந்த கட்டளைகளும் வருகின்றன. அவற்றை நிறைவேற்றுவது வாசகரின் கருவியே. இக்கட்டளைகளை மறுக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது, அது எவ்வாறு சுருங்கியது என்பன தொழினுட்பவியலாளருக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. அவை உடைமை உறவு பற்றிய வினாக்களுமாகும்.

1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் இம்மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். நெற்ஸ்கேப், சன் ஆகிய நிறுவனங்கள் டிசெம்பரில் அதனை அறிவித்தன. அதற்குச் சற்று முன்னர், ஒக்ரோபர் 30இல், வலிகாமத்து மக்கள் இடம்பெயரத் தொடங்கினர். அவர்களுட் பலர் பின்னர் வன்னிப் பெருநிலப்பரப்பை வந்தடைந்தனர். பொருளாதாரத் தடைக்குள், மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களுக்கு ஒரு கருவி எவருடைய சக்தியால் இயங்குகிறது என்பது தத்துவப் பிரச்சினையாக இருக்கவில்லை.

மறுக்கும் வழி தொடக்கக் காலத்திலேயே இருந்தது. 1996ஆம் ஆண்டின் நெற்ஸ்கேப் பதிப்புகளில், அமைப்புப் பகுதிக்குச் சென்று நிரலை நிறுத்திவிடலாம். 2005இல் ஜியோர்ஜியோ மயோனே உருவாக்கிய நோஸ்கிரிப்ட் என்னும் நீட்சி இதனைத் தலைகீழாக்கியது: நிரல்கள் யாவும் முதலில் மறுக்கப்படும், வாசகர் நம்பும் தளத்துக்கு மட்டுமே அனுமதி. ஆனால் 2013 ஆகஸ்டில் வெளிவந்த பயர்பொக்ஸ் 23இல், நிரலை நிறுத்தும் தெரிவு அமைப்புப் பக்கத்திலிருந்து அகற்றப்பட்டது. படங்களைத் தாமாக இறங்காமற் செய்யும் தெரிவும் உடன் சென்றது. அறியாது அதனை மாற்றியவர்களுக்குப் பக்கங்கள் சிதைந்து தோன்றின என்பதே கூறப்பட்ட காரணம். இது பொய்யன்று. ஆயினும், சிதைவுக்குப் பொறுப்பு மறுத்த வாசகரா, நிரலின்றி எழுத்தைக்கூடக் காட்டாத பக்கத்தை ஆக்கியவரா என்ற வினா பின்தள்ளப்பட்டது. விளம்பர வருவாயில் வாழும் கூகிளின் குரோம் உலாவியில் இத்தெரிவு எஞ்சியிருக்க, இலாபநோக்கற்ற மொசில்லாவின் உலாவியில் அது மறைவிடத்துக்குச் சென்றமை எளிய சூத்திரங்களை விரும்பும் நம்மவர்க்குச் சங்கடமான செய்தியே.

மறுப்புரிமையின் பொருளியல் உள்ளடக்கத்தை வெளிப்படையாக்கியது கொயின்ஹைவ் ஆகும். 2017 செப்டெம்பரில் தோன்றி 2019 மார்ச்சில் நின்றுபோன இச்சேவை, பக்கத்தைத் திறந்தவரின் கணினியைக் கொண்டே மொனேரோ என்னும் எண்ணிம நாணயத்தை ஈட்டியது. வருவாயில் 70 சதவீதம் தள உரிமையாளருக்கு, 30 சதவீதம் நிறுவனத்துக்கு. மின்கட்டணம் செலுத்திய வாசகருக்கு எதுவுமில்லை. 2018 பெப்ரவரியில், பக்கங்களை உரத்து வாசித்துக்காட்டும் பிரவுஸ்அலவுட் என்னும் உதவி நிரலுக்குள் இது களவாகப் புகுத்தப்பட்டபோது, பிரித்தானிய அரச தளங்கள் உட்பட 4,000க்கு மேற்பட்ட தளங்கள் அகப்பட்டன. இதனை உபரிமதிப்பு என்று உடனே பெயரிடுவது அவசரமாகும். இங்கு கவரப்படுவது உழைப்புச்சக்தியன்று. மின்சாரமும் கருவியின் தேய்மானமுமே. வன்னி நெல்வயலிற் குத்தகைக்காரர் நிலத்துக்கு விலை கொடுக்கிறார். இங்கோ வயலுக்குரியவரே நீரும் பசளையும் இட, வழிப்போக்கர் விளைவை அள்ளிச்செல்கிறார்.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ முற்கொடுப்பனவுத் தரவில் கைப்பேசிவழி வாசிப்பவருக்கு, கேளாது இறங்கும் ஒவ்வொரு நிரலும் காசு. அதனினும் பாரதூரமானது கண்காணிப்பு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் பற்றிய செய்தியை ஒருவர் திறந்தால், அப்பக்கத்தில் விளம்பர நிறுவனங்களின் நிரல்கள் இருக்குமாயின், அவர் அதனைத் திறந்தமையும் எவ்வளவு நேரம் தங்கினார் என்பதும் அந்நிறுவனங்களுக்குத் தெரியவரலாம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்ச் சந்தேகத்துக்கு உள்ளாகி வாழ்ந்த சமூகத்துக்கு இது சிறு விடயமன்று. டோர் உலாவியின் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலை எல்லாத் தளங்களிலும் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்துவது இதனாலேயே.

எனினும் நிரலை முழுவதும் எதிரியாகக் காண்பது இயங்கியற் பார்வையாகாது. பாமினி போன்ற எழுத்துருக்களில் அடைபட்டிருந்த ஈழத்து எழுத்துகளை யுனிகோடுக்கு மாற்றச் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி பெரிதும் துணைநின்றது. அதுவும் வாசகரின் உலாவியில் இயங்கிய ஜாவாஸ்கிரிப்டே. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 2009இல் இந்நிரல்கள் பற்றி எழுதியபோது அவர் எதிர்த்ததும் நிரலையன்று. பயனர் ஆராயவும் மாற்றவும் இயலாதபடி அது மூடப்பட்டிருப்பதையே. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை நிரல் நிறுத்திய உலாவியில் திறந்தாலும் கட்டுரையைப் படிக்க முடிகிறது. தமிழில் தட்டச்சிட உதவும் கருவி மட்டும் அங்கே இல்லாதுபோகிறது.