அக்பர் வகுத்த பதினாறு பேர் ஆட்டம்

கைபேசியில் பலர் ஒரே சமயத்தில் கூடிப் போட்டியிடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை நிர்மாணித்தே தீருவது என்ற உற்சாகத்தோடு, நோட்டுப் புத்தகத்தை ஏந்திக்கொண்டு என் பேரன் சென்ற மாதம் என் அறைக்குள் நுழைந்தபோது, இதே ஆசை நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் முகலாயச் சக்கரவர்த்தி அக்பருக்கும் உண்டாயிற்று என்பதையும், அதை அவர் நிறைவேற்றியும் விட்டார் என்பதையும் அவனுக்குச் சொன்னேன்.

அக்பரின் உற்ற நண்பர் அபுல் ஃபசல் எழுதிய ‘அயினி அக்பரி’, நிலவரி முதல் யானைக்கொட்டாரம் வரை ராஜ்யத்தின் சகல காரியங்களையும் விஸ்தாரமாகக் கூறும் மகத்தான கிரந்தம். அதில் அரண்மனை விளையாட்டுகளுக்கும் இடமுண்டு. நாம் சொக்கட்டான் என்று அழைக்கும் சௌபர் அக்காலத்திலேயே புராதனமானது. சிலுவை வடிவில் நான்கு கைகள், கைக்கு மூன்று வரிசையாக 24 கட்டங்கள், பதினாறு காய்கள், 1, 2, 5, 6 என்று புள்ளியிட்ட மூன்று நீளப் பகடைகள். ஆடுவோர் நால்வர், இருவருக்கு எதிராக இருவர். அதன் இனமான பச்சீசிக்குரிய கட்டத்தை ஃபத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தின் கல்தளத்தில் இன்றும் காணலாம். அங்கே பெண்களைக் காய்களாக நிறுத்தி அக்பர் ஆடினார் என்று வழிகாட்டிகள் சொல்லும் கதையைக் காட்டிலும், அவர் தாமே வகுத்த ஆட்டம்தான் என் மனத்தை அதிகம் கவர்கிறது.

அதற்குப் பெயர் சந்தல் மண்டல். நான்கு கைகளைப் பதினாறாக்கி, அவற்றை ஒரு மையத்தைச் சுற்றி வட்டமாக அமைத்து, பதினாறு பேரை உட்கார வைத்தார் அக்பர். மொத்தம் 384 கட்டங்கள். ஆளுக்கு நான்கு வீதம் 64 காய்கள். பாதை இவ்வளவு நீண்டுவிட்ட பிறகு பழைய பகடைகளையே உருட்டிக்கொண்டிருந்தால் ஒரு காய் பழமாவதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆகையினால்தான் போலும், பகடைகளை நான்காக்கி, அவற்றின் முகங்களில் 1, 2, 10, 12 என்று எண்களையும் உயர்த்தினார்.

ஆயினும் இவ்வாட்டத்தின் உயிர்நிலை பந்தயப் பணத்தைப் பங்கிடும் முறையிலேதான் இருக்கிறது. காய்கள் அனைத்தையும் முதலில் கரையேற்றுபவர் மற்றப் பதினைந்து பேரிடமும் பணம் பெறுவார்; இரண்டாமவர் எஞ்சிய பதினான்கு பேரிடம்; இவ்வாறே கடைசி வரை. தலைக்கு ஒரு காசு என்று வைத்துக்கொண்டால், முதல்வருக்கு 15 காசு லாபம். இரண்டாமவர் 14 பெற்று, 1 கொடுத்து, 13 மிச்சம் காண்பார். எட்டாமவருக்கு 1 காசு லாபம், ஒன்பதாமவருக்கு 1 காசு நஷ்டம், பதினாறாமவருக்கு 15 நஷ்டம். ஒருவர் ஜெயித்த மாத்திரத்தில் சொக்கட்டான் துணியைச் சுருட்டிவிடுவதற்கு இங்கே இடமில்லை. பதின்மூன்றாம் இடத்தில் தவிப்பவருக்கும், முன்னே செல்பவர் ஒருவரைத் தாண்டிவிட்டால் இரண்டு காசு பிழைக்கும் என்ற நம்பிக்கை கடைசி உருட்டல் வரை உண்டு.

நால்வர் நால்வராக ஆடும் சௌபர் ஆட்டங்களில் சில சமயம் இருநூறு பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள் என்றும், பதினாறு ஆட்டம் முடிக்காமல் எவரும் வீடு திரும்பக் கூடாது என்றும், பொறுமை இழந்தவர் ஒரு கிண்ணம் மது அருந்த வேண்டும் என்றும் அபுல் ஃபசல் எழுதுகிறார். மனிதருடைய குணத்தைச் சக்கரவர்த்தி இவ்வாறு பரீட்சித்தார் என்பது அவர் கருத்து. தோற்கும் வேளையில்தான் ஒருவருடைய சுபாவம் வெளிப்படும் என்பதை அனுபவத்தில் கண்ட நான் அதை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பேரனுடைய நோட்டில், நூறு பேர் களத்தில் இறங்கி, இறுதியில் மிஞ்சும் ஒருவனே ஜெயித்தவன் என்று எழுதியிருந்தது. “தோற்ற தொண்ணூற்றொன்பது பேரும் என்ன செய்வார்கள்?” என்று கேட்டேன்.

“வேற ஆட்டத்துக்குப் போயிடுவாங்க, தாத்தா.”

பிறகு அவன் புதிய பக்கத்தைப் புரட்டி, 15, 13, 11 என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினாறு வரி எழுதினான். எட்டாவது வரிக்கும் ஒன்பதாவது வரிக்கும் நடுவே சிவப்புப் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு, “இங்கதான் சண்டை பலமா இருக்கும், தாத்தா” என்றான்.