மழை விட்டுட்டு

தென்காசிக்காரர் ஒருவர் போனில் ‘மழை விட்டுட்டு’ என்று சொன்னால் சென்னைக்காரர் மேற்கொண்டு ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார். விட்டுட்டு... அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை, வாக்கியம் முடிந்துவிட்டது. சென்னையில் ‘மழை விட்டுருச்சு’ என்பதைத்தான் நெல்லைப் பக்கம் இப்படிச் சொல்வார்கள். எழுத்தில் அது ‘விட்டுவிட்டது’. விடு இரண்டு முறை வருகிறது. முதல் விடு மழை நின்றதைச் சொல்கிறது. இரண்டாவது விடு, அது நடந்து முடிந்தாயிற்று என்று மட்டும் சொல்கிறது.

அடவிநயினார் அணையில் ‘தண்ணி விட்டுட்டாங்க’ என்றால் கதையே வேறு. மழை விட்டால் நிற்கும். தண்ணி விட்டால் ஓடும். குற்றாலத்தில் சீசனுக்கு வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘குளிக்க விடுதாங்களா?’ இங்கே விடு என்பது அனுமதி. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு மாணவர் இறந்த பிறகு அந்தக் கேள்வியின் எடை கூடியிருக்கிறது.

ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இதிலெல்லாம் குழப்பம் வராது. அதே பிள்ளை வளர்ந்து இன்ஜினியரிங் கடைசி வருஷம் பிளேஸ்மென்ட் பயிற்சிக்குப் போகும்போது கிவ் அப், கிவ் இன், கிவ் அவே என்று ஒரு பட்டியலைக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்வார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பலர் ‘இது நமக்கு வராது’ என்று அங்கேயே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இந்தத் திணறல் பழையது. 1755இல் வந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சனே இதைச் சொல்லியிருக்கிறார்: வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் வழக்கம்தான் அயலாருக்குப் பெரிய கஷ்டம் என்று. ஆனால் கிவ் அப்பைத் தமிழில் வைத்துப் பாருங்கள். சிகரெட்டை விட்டார். முயற்சியைக் கைவிட்டார். பஸ்ஸில் சீட்டை விட்டுக்கொடுத்தார். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் கிவ் அப். தமிழில் மூன்றிலும் விடு. அவர்கள் கொடுத்ததிலிருந்து கிளம்பினார்கள், நாம் விட்டதிலிருந்து கிளம்பினோம். வந்து சேர்ந்த இடம் ஒன்று.

அப்படியானால் நம் அகராதிகள் இதை எப்படிக் கையாண்டன? ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது நமக்குப் புதிதல்ல. திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டுகளில் அதற்கென்றே தனித் தொகுதி உண்டு. மனப்பாடம் செய்ய வசதியாக எல்லாம் செய்யுளில் இருக்கும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் சொற்களை அகரவரிசைக்குக் கொண்டுவந்தார். ஆனால் நிகண்டு செய்யுள் படிப்பவருக்கான கருவி. அருவிக்கரையில் நின்று பேசுவது அதன் கவலை அல்ல. எங்கள் தொழில் பாஷையில் அது ஒரு லுக்-அப் டேபிள்: சொல்லைக் கொடுத்தால் பொருள் வரும். விடு அப்படி வராது. முன்னால் நிற்பது மழையா தண்ணியா என்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924இலிருந்து 1936வரை 6 தொகுதிகளாக வந்தது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியர் நெல்லைச் சீமைக்காரரான ச. வையாபுரிப் பிள்ளை. இலக்கிய மேற்கோள்களோடு, வட்டார வழக்கு என்று குறித்துப் பேச்சுச் சொற்களையும் அது சேர்த்தது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்னும் ஒரு படி போய், துணைவினைகளைத் தனியே பிரித்து, இன்றைய வாக்கியங்களை எடுத்துக்காட்டாக வைத்தது. பட்டியலிலிருந்து வாக்கியத்துக்கு வந்து சேர நமக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பிளேஸ்மென்ட் வகுப்பு இன்னும் நிகண்டுக் காலத்திலேயே நிற்கிறது. பட்டியலை ஒப்பிப்பதைவிட, ‘மழை விட்டுட்டு’க்கும் ‘தண்ணி விட்டுட்டாங்க’வுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பிள்ளைகளிடமே கேட்டுத் தொடங்கலாம். ‘ஒப்பிப்பதைவிட’ என்பதில் இருக்கும் விடவும், சொல்லப்போனால், அதே விடுதான்.