அமைப்புப் படத்துக்கு வெளியே: ராணுவ கோரும் விம்கோ நகர் வட்டாரமும்

ராணுவ கோர் ஒன்றின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக அதன் டிவிஷன்களைத்தான் எண்ணுகிறார்கள். வியட்நாம் மக்கள் ராணுவத்தின் இரண்டாவது கோரைப் பற்றித் தேடினாலும் அந்தப் பட்டியல்தான் கிடைக்கும்: 1974 மே 17இல் துவா தியென் பகுதியில் உருவானது, 304, 324, 325 ஆகிய காலாட்படை டிவிஷன்கள், 203ஆவது டாங்கி பிரிகேட், 164ஆவது பீரங்கி பிரிகேட், 219ஆவது பொறியாளர் பிரிகேட். பட்டியலில் பிழையில்லை. ஆனால் அந்தக் கோர் எப்படி வென்றது என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது என்பதே என் வாதம்.

1975 ஏப்ரல் 7 அன்று தா நாங்கிலிருந்து கிளம்பிய அதன் வாகன வரிசை கடலோர நெடுஞ்சாலையில் போரிட்டபடியே சுமார் 900 கிலோமீட்டர் தெற்கே இறங்கியது. 16ஆம் தேதி பான் ராங் வீழ்ந்தது. 30ஆம் தேதி 203ஆவது பிரிகேடின் டாங்கிகள் சைகோன் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தன. வீரர்களை ஏற்றிவந்தவற்றில் 571ஆவது போக்குவரத்து டிவிஷனின் லாரிகளும் உண்டு. அந்த டிவிஷன் இரண்டாவது கோரைச் சேர்ந்ததே அல்ல; ஹோ சி மின் பாதையை நடத்திய 559ஆவது பிரிவைச் சேர்ந்தது.

நம்முடைய 4ஆவது கோருக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர். 1962 அக்டோபர் தொடக்கத்தில், லெப்டினன்ட் ஜெனரல் பி. எம். கவுல் தலைமையில், தேஜ்பூரில் அவசர அவசரமாக அமைக்கப்பட்டது. அக்டோபர் 20இல் சீனப் படை தாக்கியபோது, நம்கா சூ ஆற்றங்கரையில் இருந்த நம் வீரர்களுக்குச் சாலையே இல்லை. விமானம் வீசிய மூட்டைகளையும் சுமைகூலிகளின் முதுகையும் நம்பி, அந்தக் குளிரில் பருத்தி உடையோடு நின்றார்கள். அவர்களைக் கைவிட்டது வீரம் அல்ல, வண்டியும் வழியும்தான்.

வண்டி என்ற இந்தக் கோணத்தில்தான் வடசென்னையின் விம்கோ நகர் வட்டாரம் ராணுவ வரலாற்றுக்குள் வருகிறது. தீப்பெட்டி ஆலையால் பெயர் பெற்ற இந்த ஊரைச் சுற்றி, திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள் ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்டு லாரி ஆலை. செய்தி கொண்டுபோகும் வீரர்களும் ராணுவ போலீசும் ஏறியது என்ஃபீல்டின் புல்லட்டில். பழைய புல்லட்டில் வலக்கால் பக்கம் கியர். அதையொட்டி நியூட்ரலுக்கென்றே தனி லீவர். முதல் கியர் தவிர எந்த கியரில் இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரல் விழும். லாரி வரிசைக்கு நடுவே நின்று நின்று போகிறவருக்கு அந்த ஒரு மிதி எவ்வளவு பெரிய உதவி!

தொழிற்சாலை வெறும் சப்ளையர்தானே, கோரின் அமைப்பில் அதற்கென்ன இடம் என்று கேட்கலாம். திருவொற்றியூரில் நடந்தது வேறு. ராணுவத்துக்கும் போலீசுக்கும் என்று அரசு கொடுத்த 800 புல்லட் ஆர்டரை ஒட்டித்தான், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ராணுவத்தின் தேவை இங்கே ஓர் ஆலையையே எழுப்பியிருக்கிறது. எண்ணூர் நிறுவனத்தின் ஸ்டாலியன் லாரியில் ஆலைக்கும் ராணுவத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு இன்னும் மங்குகிறது: லாரி அசோக் லேலண்டுடையது, பாகங்களைப் பூட்டி ராணுவத்துக்கு அனுப்பியதோ ஜபல்பூரில் உள்ள அரசின் வாகனத் தொழிற்சாலை.