விழி குன்றினும் வழி உண்டு



கண் இழந்தவர்க்குக் காதும் விரலும் கூர்மை பெறும் என்பது நம் முன்னோர் அனுபவத்தில் கண்ட உண்மை. அக்கூர்மைக்குப் பெருங் காரணம் மூளையில் இருக்கிறது என்பதை விஞ்ஞானம் தெளிந்ததோ மிக அண்மையில்தான்.

பிரான்ஸ் தேசத்து லூயி பிரெயில், 1824-ஆம் ஆண்டு, தம் பதினைந்தாம் வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்துமுறை ஒன்றை வகுத்தார். 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் அமைந்தது. தமிழையும் அம்முறையில் விரலால் படிக்கலாம். இளமையிலேயே பார்வை இழந்தோர் அப்புள்ளிகளைத் தடவிப் படிக்கையில், காட்சிக்கென அமைந்த பின்தலை மூளைப் பகுதி வேலை செய்கிறது என்று 1996-இல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. நீர் வராத வயலை உழவன் தரிசாக விடாமல் மாற்றுப் பயிர் இடுவதைப் போன்றது இது.

பிறவியிலேயே பார்வையற்றவன் திடீரெனக் கண் பெற்றால், தொட்டறிந்த பொருளைக் கண்டவுடன் இனம் காண்பானா? 1688-இல் மாலினோ என்ற ஐரிஷ் அறிஞர் எழுப்பிய வினா இது. டில்லியில் சிகிச்சையால் பார்வை பெற்ற ஐந்து இளஞ்சிறாரைப் பவன் சின்ஹா குழுவினர் சோதித்து, 2011-இல் விடை வெளியிட்டனர். உடனே இனம் காண இயலவில்லை; ஆயினும் சில நாட்களில் அத்திறன் வளரத் தொடங்கியது. பார்ப்பதும் பழகி வரும் கலையே!

விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவர், முகத்தைச் சற்றே திருப்பி ஓரப் பார்வையால் காணப் பழகலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி, நல்ல வெளிச்சம், பெரிய எழுத்து, வெள்ளைக் கோப்பையில் தேநீர், கருநிறத் தட்டில் சோறு என்பன போன்ற எளிய உதவிகளும் உண்டு. ஆதலால், 'இனிச் செய்வதற்கொன்றுமில்லை' என்று முதியோரை மூலையில் அமர்த்திவிடுவது தகாது.

பயிற்சியின் ஆற்றலுக்கு டாக்டர் கோ. வெங்கடசாமியின் வாழ்வே சான்று. மூட்டுவாதத்தால் கோணிய விரல்களைப் பழக்கி, அறுவைக் கத்தி பிடித்தார் அவர். 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பின்னர்த் தேனியிலும், 1997-இல் கோவையிலும் கிளை விட்டது. மதுரையிலும் கோவையிலும் குறைபார்வையினர்க்கான மறுவாழ்வுப் பயிற்சியும் உண்டு. மூணாறு, பீருமேட்டுத் தோட்டத்துத் தமிழருக்குப் போடிமெட்டும் குமுளியும் கடந்தால் தேனி. சித்தூர், பாலக்காட்டாருக்கு வாளையாறு தாண்டினால் கோவை.

மங்கிய விழியுடன் ஒரு பெரியவர் உங்கள் இல்லத்தில் இருப்பாராயின், காலந்தாழ்த்தாது அழைத்துச் செல்லுங்கள். கற்றுக்கொள்ள அவர் மூளை இன்னும் காத்திருக்கிறது.