எரிப்பதா, ஈவதா? 1921ஆம் ஆண்டின் ஆடைக் கேள்வி

ஓசூர் என்றதும் சிப்காட் தொழிற்பேட்டையும், கைக்கடிகாரமும், இருசக்கர வாகனமுமே இன்று நினைவுக்கு வருகின்றன. அதன் அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் ராஜாஜி. அவர் பங்கேற்ற கதர் இயக்கக் காலத்தில், ஆடையை எப்படி வாங்குவது, எவ்வளவு உடுத்துவது, பழையதை என்ன செய்வது என்ற கேள்விகள் நாடெங்கும் எழுந்தன. அவ்வரலாற்றில் முஸ்லிம்களுக்கும் பெரும்பங்கு உண்டு. நம் பிள்ளைகள் பலர் அதனை அறியார்.

கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் கைகோத்திருந்த காலம் அது. அலி சகோதரர்களின் தாயார் பீ அம்மா, தள்ளாத வயதிலும் கதர் உடுத்தி, அதனைப் பெண்களிடையே பரப்பினார். 1921 ஜூலை 31 அன்று பம்பாய் பரேலில், உமர் சோபானி என்ற முஸ்லிம் ஆலை அதிபருக்குச் சொந்தமான வளாகத்தில், மலைபோல் குவிக்கப்பட்ட அந்நியத் துணிகளுக்குக் காந்தியடிகள் தீ மூட்டினார்.

உடுக்கத் துணியின்றி ஏழைகள் வாடும்போது நல்ல துணியை எரிப்பது தகுமா? தாகூரும் சி.எஃப். ஆண்ட்ரூஸும் இதனை ஏற்கவில்லை. காந்தியடிகளின் விடையோ வேறு. நாம் உடுத்த வெட்கப்படும் ஒன்றை ஏழைக்குக் கொடுப்பது அவனை அவமதிப்பதாகும். ஏழைக்கும் தன்மானம் உண்டு என்றார் அவர்.

கிலாஃபத் இயக்கத்தார் மூன்றாவது வழியொன்றைக் கேட்டனர். கிரேக்கப் படையெடுப்பால் துன்புற்ற ஸ்மிர்னா பகுதித் துருக்கியருக்கு அத்துணிகளை அனுப்ப அனுமதி வேண்டினர், காந்தியடிகளும் இசைந்தார். கடல் கடந்தவர்க்கு அனுப்பலாம் என்றால் உள்ளூர் ஏழைக்கு ஏன் கொடுக்கலாகாது என்று சுவாமி சிரத்தானந்தர் பின்னர் வினவினார். அவ்வினாவில் நியாயம் உண்டு. எனினும், பயன்படும் துணி சாம்பலாவதைவிட ஓர் உடலை மூடுவதே மேல் என்ற உணர்வு அவ்வேண்டுகோளில் இருந்ததை மறுக்க இயலாது.

அவ்வாண்டு செப்டம்பர் 14 அன்று, காந்தியடிகளுடன் சென்னைக்குப் பயணம் செய்துகொண்டிருந்த மௌலானா முஹம்மது அலி வால்டேரில் கைது செய்யப்பட்டார். பயணம் தமிழகத்தில் தொடர்ந்தது. கதர் வாங்கப் பணமில்லை என்று ஏழைகள் சொன்ன சொல் காந்தியடிகளின் உள்ளத்தைத் தைத்தது. செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில், அவர் அரையாடைக்கு மாறினார். மக்கள் மிரளக்கூடும் என அஞ்சிய ராஜாஜிக்கு அம்முடிவில் உடன்பாடில்லை.

உடன் பயணித்த மௌலானா ஆசாத் சோபானியோ, ஷரீஅத் அனுமதிக்கும் அளவுக்குத் தம் உடையைச் சுருக்கிக்கொண்டார். கால்சட்டைக்குப் பதிலாக லுங்கி, முழங்கையைத் தாண்டாத சட்டை, தொழுகை நேரத்தில் மட்டும் தொப்பி. மார்க்க வரம்பை மீறாமலேயே துணியைக் குறைக்கலாம் என்பதற்கு அவர் சான்றானார்.

ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். வறட்சியில் வாடிய அச்சிற்றூர்களின் பெண்களுக்கு நூற்புக் கூலி கஞ்சிக்கு வழிசெய்தது. ஆடை வாங்குவோர் கொடுக்கும் காசு யார் அடுப்பை எரிக்கிறது என்ற கேள்விக்கு அது கண்கண்ட விடையாயிற்று. 1937இல் அவர் சென்னை மாகாணப் பிரதமரானபோது, கிலாஃபத் தலைவர் யாகூப் ஹசன் சேட் அவரது அமைச்சரவையில் பொதுப்பணித் துறையை ஏற்றார்.

நூறாண்டுகள் கடந்தும் கேள்வி மாறவில்லை. அன்று துணியைத் தீயிலிட்டனர். இன்று நாம் குப்பையிலிடுகிறோம். ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் நீர் செலவாவதாக மதிப்பிடப்படுகிறது. தென்பெண்ணையை நம்பி வாழும் கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு நீரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆட்சித் தலைவராக இருந்த உமர் (ரலி) அவர்களின் தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகள் தைக்கப்பட்டிருந்ததை அனஸ் (ரலி) கண்டார்கள். ஒட்டுப் போட்ட ஆடை அவர்களின் கண்ணியத்தை ஒரு சிறிதும் குறைக்கவில்லை.

ஈகைக்கும் ஒரு வரம்பு உண்டு. நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் ஏற்கக்கூடிய மட்டமான பொருளைத் தர்மமாகக் கொடுக்க வேண்டாமென அல்பகரா அத்தியாயம் (2:267) எச்சரிக்கிறது. ஏழையின் தன்மானம் பற்றிய 1921ஆம் ஆண்டின் அச்சமும் இதனையே தொடுகிறது. ஆகவே எரிப்பதற்கும் இழிவாக வீசுவதற்கும் இடையே ஒரு நல்வழி இருக்கிறது. துவைத்து, பொத்தான் தைத்து, மடித்து, நம் உடன்பிறந்தாருக்குக் கொடுப்பதுபோல் கொடுப்பதே அது.

பெருநாளுக்குப் புத்தாடை வாங்குவது மகிழ்ச்சியே, அதைத் தடுப்பாரில்லை. கடைக்குப் புறப்படுமுன் அலமாரியைத் திறந்து பார்ப்போம். அண்ணனுக்குச் சிறுத்தது தம்பிக்குப் பொருந்தலாம். உம்மாவின் பட்டுச் சேலை மகளுக்குப் பாவாடையாகலாம். பிழைப்புத் தேடி ஓசூர் ஆலைகளுக்கு வந்து, மார்கழிக் குளிரில் நடுங்கும் வெளிமாநிலத் தொழிலாளி ஒருவருக்கு நம் வீட்டுக் கம்பளிச் சட்டை போய்ச் சேரலாம். அது அவர் கையில் தரத் தகுந்ததாக இருக்கட்டும்.