கறிவேப்பிலைச் செடியின் மூன்று பெண்கள்

கறிவேப்பிலையை மொட்டையடிக்கும் புழுவை நசுக்க எனக்கு மனம் வருவதில்லை. விலங்கியல் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கியவன் என்பது ஒரு காரணம். அந்தப் புழு ஐரோப்பியப் பேரறிஞர்களையே நெடுங்காலம் சுற்றலில் விட்டது என்பது இன்னொன்று.

சுவீடனின் லின்னேயஸ் 1758-இல் பெரிய வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றுக்கு டிராய்ப் போர்க் கதையிலிருந்து பெயர் வைத்தார். ஹெக்டர், பம்மோன், பாலிட்டீஸ் மூவரும் மன்னன் பிரியாமின் பிள்ளைகள். ஹெக்டர் தனி இனம்தான், அதில் தவறில்லை. ஆனால் கறுப்பு இறகில் வெள்ளைப் பட்டை ஓடும் பம்மோன், நம் கறிவேப்பிலைப் புழுவிலிருந்து வரும் இனத்தின் ஆண். பின்னிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறையும் கொண்ட பாலிட்டீஸ் அதே இனத்துப் பெண். புருஷனையும் பெண்டாட்டியையும் அண்ணன் தம்பி ஆக்கிவிட்டார் மனிதர்! போதாததற்கு, ஹெக்டரைப் போலவே இருக்கும் இன்னொரு பெண் வடிவத்துக்கு 1775-இல் டச்சுக்காரர் கிராமர் 'ரோமுலஸ்' என்று பெயர் சூட்டினார். மூன்றாவது வகைப் பெண் அச்சு அசல் ஆணைப் போலவே இருக்கும்.

அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கைக்கு வந்தவை ஊசி குத்திய உலர்ந்த பூச்சிகள். எது எதோடு கூடும் என்று அதில் எப்படித் தெரியும்?

மலாய்த் தீவுகளில் ஆண்டுக்கணக்கில் அலைந்த இயற்கையியலாளர் வாலஸ், ஒரே இனத்துக்குப் பல பெண் வடிவங்கள் உண்டென்று 1865-இல் விரிவாக எழுதினார். பேட்ஸ் என்ற இயற்கையியலாளர் அமேசானில் கண்ட வேடக் கதைதான் இங்கும். ஹெக்டரின் புழு ஈசுவரமூலியைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அந்தப் பூச்சியை ஒதுக்கும். ரோமுலஸ் அதன் சாயலைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. பூவில் உட்காரும்போது உடம்பைப் பாருங்கள். ஹெக்டருக்குத் தலையும் வயிறும் சிவப்பு, ரோமுலஸுக்கு உடம்பெல்லாம் கறுப்பு. வேடம் இறகோடு சரி.

இந்த வடிவங்கள் எல்லாம் ஒரே இனம் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தது இலங்கையில். முதல் உலகப் போருக்குச் சற்று முன் ஃபிரையர் என்பவர் அங்கே தலைமுறை தலைமுறையாக இவற்றை வளர்த்துக் கணக்கெடுத்தார். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வெவ்வேறு வடிவ மகள்கள் வந்தன; மகன்களோ எல்லாம் ஒரே அச்சு. வேடத்துக்கான மரபைத் தந்தையும் கடத்துகிறான், தன் இறகில் மட்டும் காட்டுவதில்லை. அதற்குப் பொறுப்பான மரபணு 'டபுள்செக்ஸ்' என்று 2014-இல் கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட குழு கண்டறிந்தது. ஆண், பெண் உடலமைப்பைத் தீர்மானிக்கும் அதே மரபணு!

பெயர் வழக்கும் தீர்ந்துவிட்டது. இன்று ஆண், பெண் எல்லாமே 'பாப்பிலியோ பாலிட்டீஸ்'. பெண்டாட்டி பெயரே நிலைத்தது. பம்மோன் வழக்கொழிந்த பெயர்களின் பட்டியலில் கிடக்கிறான்.